முத்திரை இல்லாத விசா

மகளின் கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது பெண்ணின் தகப்பனை ஜேர்மனிக்கு அனுப்புகிற வீடு உலகத்தில் எங்கள் வீடு ஒன்றுதான் இருக்கும். நான் இல்லாவிட்டால் வேலைகள் வேகமாக நடக்கும் என்பதில் மெல்பேர்ணில் எங்கள் குடும்பத்துக்குள் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. சமையல்காரரோடு ஒரு தடவை, மணவறை சோடிப்பவரோடு ஒரு தடவை, மாப்பிள்ளையின் சித்தப்பாவோடு இரண்டு தடவை நான் சண்டை பிடித்திருந்தேன். நாலு தடவையும் நியாயம் என் பக்கம் இருந்தது. ஆனாலும் என் மனைவி சாந்தி எனக்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள்.

"டோர்ட்மண்டுக்குப் போய் அண்ணையைக் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ. தனிய விட்டால் அவர் வரமாட்டார்."

சாந்திக்கு ஒரே ஒரு அண்ணன், யோகன். பதினேழு வயதில் கப்பலில் வேலை என்று யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். அப்போது சாந்திக்குப் பதினைந்து. அதற்குப் பிறகு முப்பது வருடமாக அவர் எங்களுக்கு ஒரு தொலைபேசிக் குரல் மட்டும்தான். நான் சாந்தியைக் கட்டி இருபத்துநாலு வருடமாகியும் மச்சானை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது வருகிறேன் என்றார், வரவில்லை. மகளின் அரங்கேற்றத்துக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டு, விமான நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை. "இந்த முறையும் வராவிட்டால், எனக்கு அண்ணன் இருக்கிறார் எண்டு இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள் சாந்தி. அவள் சொன்னால் செய்கிறவள்.

நான் மெல்பேர்ணில் டிராம் ஓட்டுகிறேன். ஆகவே ஜேர்மன் ரயில்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டு, கொஞ்சம் பயத்தோடுதான் ஏறினேன். ரயில் பதினொரு நிமிடம் தாமதம். என் தடத்தில் பதினொரு நிமிடம் மட்டும் பிந்தி வந்தால் பயணிகள் எனக்கு நன்றி சொல்வார்கள். இங்கே எனக்கு எதிரில் இருந்த பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முன்பெல்லாம் இது ஒரு நாடாக இருந்தது" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் தலையாட்டினாள்.

டோர்ட்மண்டில் மச்சான் ரயில் மேடையின் கடைசியில் நின்றார். மெலிந்த, நரைத்த, சாந்தியின் மூக்கை அப்படியே வைத்திருக்கிற மனிதர். இருபத்துநாலு வருடத்துக் கதையை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லைப்போல.

"வந்திட்டியளோ மச்சான்?" என்றார்.

"ஓம், வந்திட்டன்" என்றேன்.

அதோடு அந்த விஷயம் முடிந்தது. என் பெட்டியைப் பறித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மச்சான் கிரேக்கர். அதாவது கடவுச்சீட்டின்படி. கப்பலில் பத்து வருடத்துக்கு மேல் கிரேக்கக் கொடியின் கீழ் வேலை செய்து, பிறகு கிரேக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தில் சமையல் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, கடைசியில் ஊர்ச் சனம் இருக்கிறது என்று டோர்ட்மண்டுக்கு வந்து சேர்ந்தவர். இங்கே ஒரு கிரேக்க உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். முதலாளி கோஸ்தா கிரேக்கத் தாய்தகப்பனுக்கு டோர்ட்மண்டிலேயே பிறந்தவர், ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார். பரிமாறுகிற பெண் போலந்துக்காரி. அந்த உணவகத்தில் சட்டப்படி கிரேக்கர் என்று சொல்லக்கூடியவர் எங்கள் மச்சான் ஒருவர்தான்.

மறுநாள் மத்தியானம் அங்கே சாப்பிட்டேன். மெல்பேர்ணில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிரேக்கர்கள். அவர்கள் மதிலுக்கு மேலால் தந்த ஆட்டிறைச்சியை இருபது வருடமாகச் சாப்பிட்டு வருகிறேன். மச்சானின் இறைச்சி அதைவிட நன்றாக இருந்தது. இரகசியம் என்ன என்று கேட்டேன். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் ஒரு கரண்டி என்றார். ஜேர்மன்காரர்கள் இதைச் சாப்பிட்டுவிட்டு, கோடைவிடுமுறைக்குக் கிரேக்கத் தீவுகளுக்குப் போய், அங்கே சாப்பாட்டில் உறைப்புப் போதாது என்று வந்து முறைப்பாடு சொல்கிறார்களாம்.

சாப்பிட்டு முடிந்ததும் விசா விஷயத்தைத் தொடங்கினேன். அவுஸ்திரேலியா போன வருடக் கடைசியில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தவர்களுக்கு இணையத்திலேயே விசா கொடுக்கத் தொடங்கியிருந்தது. தூதரகம் போகத் தேவையில்லை, கட்டணம் இல்லை. ஜேர்மன்காரருக்கு என்னவோ கிரேக்கருக்கும் அதேதான். இதை நான் சொன்னபோது மச்சான் என்னை ஏமாந்த மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சும்மா தருவினமோ?"

"சும்மாதான்."

"நாள் குறிச்சு டெர்மின் எடுக்கத் தேவையில்லையோ? நேரிலை கூப்பிட்டு விசாரிக்கமாட்டினமோ?"

"இல்லை மச்சான்."

"அப்ப உது விசா இல்லை" என்றார்.

அவர் வாழ்க்கையில் ஒரு தாளும் வரிசையில் நிற்காமல் கிடைத்ததில்லை. நான் விடவில்லை. மலர் அக்காவின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மலர் அக்கா உறையவைத்த மீன், தொலைபேசி அட்டை, விமான டிக்கெட், முருங்கைக்காய் நாலும் விற்கிறவர். கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கணினி இருந்தது. கணினி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எங்கள் டிப்போவில் விடுமுறை விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்புவதற்குச் சக ஓட்டுநர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள்.

"பாஸ்போட்டைத் தாங்கோ" என்றேன்.

மச்சான் சட்டைக்குள் கையை விட்டு அதை எடுத்தார், ஆனால் தரவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நான் வாசிக்கிறன், நீங்கள் அடியுங்கோ" என்றார். கடவுச்சீட்டை அவர் இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். ஒரு காலத்தில் ஏஜென்சிக்காரர் ஒருவரிடம் கொடுத்து எட்டு மாதம் திரும்பக் கிடைக்கவில்லையாம். சரி என்று விட்டேன். பெயரை வாசித்தார். இலக்கத்தை வாசித்தார். ஜேர்மன் விசைப்பலகையில் சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும் என்பதால் இலக்கத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். அந்த நேரத்தில் மலர் அக்கா வந்து தேநீர் வைத்தார்; மச்சான் கடவுச்சீட்டை மூடித் திரும்பச் சட்டைக்குள் வைத்தார்.

"பிறந்த திகதி?" என்று கேட்டேன்.

"ஆடி பதினாலு" என்றார், தேநீரை ஊதிக்கொண்டு. எங்கள் ஊர்ப் பேச்சில் ஆடி என்றால் ஜூலை. வருடத்தையும் சொன்னார். சாந்தியைவிட இரண்டு வயது மூப்பு, கணக்குச் சரியாக வந்தது. அடித்தேன். சிறைக்குப் போனீர்களா, காசநோய் இருந்ததா என்று சில கேள்விகள். இல்லை, இல்லை. அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் விசா மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதை அச்செடுத்து மச்சானிடம் கொடுத்தேன். அவர் அதை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்டெம்பல் எங்கை?"

ஸ்டெம்பல் என்றால் முத்திரை. மின்விசாவுக்கு முத்திரை கிடையாது, எல்லாம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். மச்சானின் முகம் இறங்கிக்கொண்டே போனது. டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. மலர் அக்காதான் காப்பாற்றினார்.

"சும்மா இரு யோகன், நான் குத்தித் தாறன்" என்று கடை முத்திரையை எடுத்து, மையில் தோய்த்து, தாளின் கீழே ஓங்கிக் குத்தினார். ஊதா நிறத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் ஒரு இறால். மச்சான் அதை ஊதிக் காயவைத்தார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனோம். கால்வாய்க்குப் பக்கத்தில் லொறிகள் நிற்கிற இடத்துக்கு நடுவில் கோபுரம் எழும்பி நின்றது. திருவிழாக் காலம் என்பதால் பிரான்ஸ், ஒல்லாந்து என்று எல்லா நாட்டு இலக்கத் தகட்டோடும் கார்கள் தரிப்பிடத்தில் நின்றன. எங்களுக்கு முன்னால் ஒரு ஜேர்மன் தம்பதி, செருப்பை எங்கே வைப்பது என்பதற்கு அறிவித்தல் பலகை தேடிக்கொண்டிருந்தார்கள். பயணம் சரிவர வேண்டும் என்று மச்சான் அர்ச்சனை செய்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். மச்சான் யோசிக்காமல் சொன்னார். பிறகு தோசைக் கடையில் முக்கால் மணித்தியாலம் வரிசையில் நின்றோம். வரிசையில் நிற்கும்போது மச்சானிடம் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

புதன்கிழமை காலை விமான நிலையம், பெட்டி ஒப்படைத்து இருக்கை அட்டை வாங்குகிற மேடை. என் அலுவல் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அடுத்து மச்சான் கடவுச்சீட்டை மேடையில் வைத்து, அதன் மேல் ஒரு விரலை ஊன்றிக்கொண்டார். மேடைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். விரல் எடுபடும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு கணினியில் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"உங்களுக்கு விசா இல்லை" என்றார் ஆங்கிலத்தில்.

மச்சான் தாளை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் முதலில் இறாலைப் பார்த்தார். அதைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். தாளையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"விசாவில் உள்ளவர் ஜூலை பதினான்கில் பிறந்தவர். கடவுச்சீட்டில் உள்ளவர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர், நான்கு வயது மூத்தவர். இந்த இருவரில் யார் பயணம் செய்கிறார்?"

மச்சான் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "மூத்தவர்" என்றார்.

மச்சானை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், இது என்ன கூத்து என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். பதினேழு வயதுப் பெடியனைக் கப்பலில் எடுக்கமாட்டார்கள் என்று கொழும்பு ஏஜென்சிக்காரர் நாலு வயதைக் கூட்டி, தை முதலாம் திகதி என்று எழுதிவிட்டார். அந்தத் திகதி கப்பல் புத்தகத்துக்குப் போனது, அதிலிருந்து கிரேக்கக் காகிதங்களுக்கு, அதிலிருந்து ஜேர்மன் காப்புறுதிக்கு. எங்கள் ஆட்களில் இப்படி இரண்டு திகதி உள்ளவர்கள் எத்தனையோ பேர். வெளியில் ஒன்று, வீட்டில் ஒன்று. எனக்கே டிப்போவில் மூன்று பேரைத் தெரியும். அப்படி இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

"அப்ப என்னத்துக்கு எனக்கு உண்மையானதைச் சொன்னியள்?" என்று கத்தினேன்.

"நீங்கள் தமிழிலை கேட்டியள் மச்சான்" என்றார். "கந்தோரிலை ஒபிசர் கேட்டால் தை முதலாம் திகதி எண்டு வாய் தன்பாட்டிலை சொல்லும். தங்கச்சியின்ரை மனுசன் கேட்டால் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

மச்சான் தன் பெட்டியின் கைபிடியைப் பிடித்தார்.

"நான் திரும்பிப் போறன். உதைக் கிண்டத் தொடங்கினால் எல்லாத்தையும் பிடுங்கிப் போடுவாங்கள். போன முறையும் இந்த இடத்திலைதான் திரும்பினனான். ஒருத்தன் என்ரை பாஸ்போட்டைக் கனநேரம் பாத்தான். அவ்வளவுதான், திரும்பி நடந்திட்டன்."

அப்போதுதான் விளங்கியது, இந்த மனிதர் முப்பது வருடமாக எங்களை வெறுத்து வராமல் இருக்கவில்லை, ஒரு திகதிக்குப் பயந்து வராமல் இருந்தார் என்று. எனக்கு அவர்மீது பொல்லாத கோபமும் பொல்லாத இரக்கமும் ஒரே நேரத்தில் வந்தன. எதைக் காட்டுவது என்று தெரியாமல் அவருடைய கைத்தொலைபேசியைப் பறித்துச் சாந்திக்கு அடித்தேன். மெல்பேர்ணில் பின்னேரம். பலகாரம் சுடுகிற சத்தத்துக்கு மேலால் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை; அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "அண்ணையிட்டைக் குடுங்கோ" என்றாள்.

அவள் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது. "அண்ணை, கடுதாசியிலை கிழவனா வாங்கோ. இஞ்சை வந்து இறங்கினாப் பிறகு வயசைக் குறைப்பம்."

மச்சான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். அழுதார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பி மேடைக்குப் போனோம். நான் பெரிதாக விளக்கம் சொல்லத் தொடங்கியபோது அந்தப் பெண் கையை உயர்த்தினார். "எந்தத் திகதி சரி என்பது என் வேலை இல்லை. விசா கடவுச்சீட்டோடு ஒத்துப்போக வேண்டும், அது மட்டும்தான் என் வேலை. புதிதாக விண்ணப்பியுங்கள். அங்கே நாணயம் போடுகிற இணையப் பெட்டி இருக்கிறது. ஐம்பது நிமிடத்தில் இந்த மேடையை மூடுவேன்." சொல்லிவிட்டு மச்சானின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

இணையப் பெட்டி நின்றபடி தட்டுகிற வகை. திரையில் எனக்கு முன்னால் யாரோ ஒருவர் பார்த்த மயோர்க்கா கடற்கரை இருந்தது. மச்சான் சட்டைக்குள் கையை விட்டுக் கடவுச்சீட்டை எடுத்து, என் கையில் வைத்தார். "நீங்களே பாத்து அடியுங்கோ" என்றார். அது சூடாக இருந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். தை முதலாம் திகதி. சிறை இல்லை, காசநோய் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது: நான் தந்த தகவல்கள் எல்லாம் உண்மை. எனக்கு விரல் ஓடவில்லை. மச்சான் எட்டி வந்து தானே அதை அழுத்தினார். இந்தக் காரியத்தில் அவருக்கு என்னைவிடப் பழக்கம் அதிகம்.

பிறகு காத்திருந்தோம். மின்னஞ்சலைத் திறந்தேன், இல்லை. திரும்பத் திறந்தேன், மலிவு விலையில் தளபாடம் என்று ஒரு விளம்பரம். முப்பது நிமிடம் இப்படிப் போனது. பின்னால் நின்ற இளம்பெண் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள். மச்சான் அவளிடம் ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். அவள் தன் முறையை விட்டுக்கொடுத்துத் தன்னிடமிருந்த நாணயத்தையும் தந்தாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "தங்கச்சியைப் பாக்கப் போறன் எண்டு" என்றார். அந்த நாணயத்தின் நேரத்தில்தான் விசா வந்தது.

ஓடினோம். மேடை மூட ஆறு நிமிடம் இருந்தது. அந்தப் பெண் தட்டினார், தலையாட்டினார், இருக்கை அட்டையை அச்செடுத்தார். பிறகு மேடையில் கிடந்த பழைய விசாத் தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடைக்கு மேல் கையைக் கொண்டு போனார்.

"அதைத் தாருங்கள்" என்றார் மச்சான்.

"இது இனிச் செல்லாது."

"தெரியும். என் பிறந்தநாளைச் சரியாக எழுதிய அரசாங்கத் தாள் என்னிடம் வேறு இல்லை."

அந்தப் பெண் கையைத் திரும்ப எடுத்து, தாளை விரித்து, உள்ளங்கையால் மேடையில் தேய்த்து மடிப்புகளை நிமிர்த்தினார். திகதியை இன்னொரு தடவை வாசித்தார். "ஜூலை பதினான்கு. இன்னும் நாள் இருக்கிறது. இங்கே பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்தக் கூடாது, ஆகாது என்பார்கள். ஆகவே நான் வாழ்த்தவில்லை" என்று கண்டிப்பாகச் சொல்லித் தாளைக் கொடுத்தார்.

நாங்கள் விமான வாசலை நோக்கி நடந்தோம். அவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

"மச்சான், ரிட்டேர்ண் எப்ப போட்டிருக்கு?"

"ஆடி இருபது."

அவர் மனத்துக்குள் ஏதோ எண்ணினார்.

"அப்ப பதினாலாம் திகதி நான் தங்கச்சி வீட்டிலை நிப்பன்" என்றார், நடையைக் கூட்டிக்கொண்டு. "கெதியா நடவுங்கோ."